இன்றைய படி: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"கர்த்தர் பார்த்துக்குவார்" என்பதை நீங்கள் சபைக்கு வந்த முதல் வாரத்திலேயே கேட்டிருப்பீர்கள். வட சென்னையில் ராயபுரமோ கொருக்குப்பேட்டையோ வியாசர்பாடியோ, சி.எஸ்.ஐ. ஆலயமோ பெந்தெகொஸ்தே சபையோ கத்தோலிக்கக் கோவிலோ, எங்கே போனாலும் கையைப் பிடித்து இதைச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் வாடகை பாக்கி, பிள்ளைக்கு ஃபீஸ், வண்டி டியூ, குழுக் கடன் தவணை என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்போது அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஞானஸ்நானம் எடுத்துக் கொஞ்ச நாள் ஆனவர்கள், எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், சின்ன வயதில் சண்டே ஸ்கூல் போய்விட்டு நடுவில் விட்டு இப்போது திரும்பி வந்திருப்பவர்கள், எல்லோருக்கும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். தேவன் நம்மை நடத்துகிறார் என்பதற்கு முழு வழியையும் முதலிலேயே காட்டிவிடுவார் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டால் சீக்கிரமே ஏமாந்துபோவீர்கள். இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குத் தருவார், அடுத்த அடி எங்கே வைப்பது என்று காட்டுவார், கூடவே வருவார். வாக்கு அவ்வளவுதான். அதை வைத்து ஒரு நாளை ஓட்டப் பழகுவதுதான் கீழே இருக்கும் எல்லாமே.

ஒரே ஒரு சங்கீதத்தில் தொடங்குங்கள்

முதலில் ஒரு பைபிள். பழைய திருப்புதல் கடினமாக இருந்தால் எளிய நடையில் உள்ள மொழிபெயர்ப்பை வாங்கிக்கொள்ளுங்கள், கத்தோலிக்கர் என்றால் திருவிவிலியம். போனிலும் கிடைக்கும், ஆனால் போனைத் திறந்தால் வாட்ஸ்அப் முந்திக்கொள்ளும், அதனால் புத்தகமாகவே இருக்கட்டும். ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் சிக்கி நின்றுபோனவர்கள் ஏராளம். நீங்கள் 23-ம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். ஒரு வாரம் முழுக்க அதையே வாய்விட்டுப் படியுங்கள். தண்ணீர் லாரி வருவதற்கு முன்னாலோ, விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்த பிறகோ, எந்த நேரம் உங்களுக்குத் தினமும் நிலையாகக் கிடைக்குமோ அந்த நேரம்.

கர்த்தர் என் மேய்ப்பர் என்றுதான் அது தொடங்குகிறது. மேய்ப்பன் என்றதும் நமக்குப் பச்சைப்பசேல் புல்வெளியோடு ஒரு காலண்டர் படம்தான் ஞாபகம் வருகிறது. இதைப் பாடின தாவீது ஆடு மேய்த்தது பெத்லகேம் பக்கம், யூதேயாவின் மலைகளில். அங்கே மழை குறைவு, வெயில் காலத்தில் புல் அங்கங்கேதான் இருக்கும். ஒரு சரிவில் மேயவிட்டு, அது தீர்ந்ததும் அடுத்த சரிவுக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும். நாளைக்கு எங்கே மேயப்போகிறோம் என்று ஆட்டுக்குத் தெரியாது, மேய்ப்பனுக்குத் தெரியும். சிங்கமும் கரடியும் வந்து ஆட்டைக் கவ்விக்கொண்டு போனதையும் அவற்றின் வாயிலிருந்து அதைப் பிடுங்கி எடுத்ததையும் தாவீதே சவுல் ராஜாவிடம் சொல்கிறார், 1 சாமுவேல் 17-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆபத்து தெரிந்தவர்தான் "நான் தாழ்ச்சியடையேன்" என்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது தேவனைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார். நாலாவது வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் தேவனிடமே பேசத் தொடங்கிவிடுகிறார். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும், நல்ல நாளில் கேட்ட பிரசங்கம் எல்லாம் கெட்ட நாளில் ஜெபமாக மாறும்.

சங்கீதத்துக்கு அப்புறம் மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம், ஒரு நாளைக்கு ஒன்று. அப்புறம் பிலிப்பியருக்கு எழுதின நிருபம், நாலே அதிகாரம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதைப் பற்றிப் பின்னால் நிறையப் பேசப்போகிறேன்.

நீங்கள் பேசுகிற தமிழிலேயே ஜெபியுங்கள்

சபையில் பெரியவர்கள் ஜெபிக்கும்போது வருகிற வார்த்தைகளைக் கேட்டு, நமக்கு இப்படியெல்லாம் வராதே என்று வாயை மூடிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த பாஷை பல வருஷப் பழக்கத்தில் வந்தது, அதற்கு ஒரு அழகு உண்டு, போகப்போக உங்களுக்கும் வரும். வராவிட்டாலும் குறையில்லை. "ஆண்டவரே, இன்னா பண்றதுன்னே தெரியல, நீதான் கூட இருக்கணும்" என்று காசிமேட்டுப் பேச்சில் சொன்னால் அதுவும் ஜெபம்தான். இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் சாப்பாட்டுக்காகக் கேட்கிற வரி "இன்று எங்களுக்குத் தாரும்" என்று முடிகிறது. மாதக் கணக்கு, வருஷக் கணக்கு அதில் இல்லை. அதே மாதிரி நீங்களும் இன்றைக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கவலையை நோட்டில் இறக்கி வையுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். ராத்திரி படுக்கப் போகும் முன், மனதை அரிக்கிற விஷயங்களை இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே, நாளைக்கு நான் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் என்ன என்று எழுதுங்கள். "ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணும்", அதற்கு எதிரே "இ-சேவை மையத்துக்குப் போகணும்". "அம்மாவுக்குச் சர்க்கரை ஏறுது", அதற்கு எதிரே "காலையில ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்". சில கவலைகளுக்கு எதிரே எழுத எதுவும் இருக்காது. அந்த வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் சொல்லுங்கள், பொதுவாக "எல்லா பாரத்தையும் மாற்றும்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று மத்தேயு 6-ல் இருக்கிறதே, அப்போ சேமிக்கக்கூடாதா, இன்ஷூரன்ஸ் போடக்கூடாதா? யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தைப் படியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு மன்னா என்கிற ஆகாரம் வானத்திலிருந்து விழுந்தபோது, தேவன் அன்றைக்கு வேண்டியதாகத் தலைக்கு ஒரு ஓமர் அளவு எடுக்கச் சொன்னார். பயத்தில் மறுநாளுக்கு எடுத்துவைத்தவர்களுக்கு அது புழுத்து நாறிப்போனது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு எடுத்து ஓய்வுநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னவரும் அதே தேவன்தான், அன்றைக்கு எடுத்துவைத்தது கெட்டுப்போகவில்லை. தெரிந்தே வரப்போகிற வெறுமையான நாட்களுக்கு எடுத்துவைப்பது அவநம்பிக்கை கிடையாது. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, காசிமேட்டில் அந்தப் படகுகளை நம்பி ஐஸ் உடைப்பவர் முதல் மீன் விற்கிற அக்கா வரைக்கும் எல்லார் வருமானமும் சுருங்கிவிடும். அதற்காகத் தை மாசத்திலிருந்தே சீட்டுப் போட்டு வைக்கிற குடும்பம் விசுவாசத்தோடுதான் இருக்கிறது. எடுத்துவைத்த பிறகும் ராத்திரி தூக்கம் வராமல், போதுமோ போதாதோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே புரள்வதைத்தான் இயேசு விடச் சொல்கிறார்.

எந்தப் பக்கம் போவது என்று தெரியாதபோது

புதிதாக வந்தவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைத்த வசனத்தை எடுத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை நல்ல விஷயம்தான், வருஷம் முழுக்க ஒரு வசனம் மனதில் இருக்கும், ஆனால் வீடு மாறலாமா வேண்டாமா என்பதற்கான பதில் அதில் அச்சடித்து வராது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மணலியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற ஒரு தம்பிக்குக் கத்தாரில் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார், பணம் கட்டச் சொல்கிறார். முதல் கேள்வி, இதில் பொய்யோ தப்போ இருக்கிறதா? விசிட் விசாவில் போய் அங்கே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அதற்கு மேல் ஜெபிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். இரண்டாவது, விசாரிக்க வேண்டியதை விசாரித்தாயிற்றா? அந்த ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று ஈ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பார்ப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது, நமக்கு மூளை கொடுத்ததும் அவர்தான். மூன்றாவது, இரண்டு மூன்று பேரிடம் கேட்டாயிற்றா? அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும் என்று நீதிமொழிகள் 11:14 சொல்கிறது. அங்கே வேலை பார்த்துத் திரும்பி வந்த ஒருவர், உங்களை நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர், வீட்டில் அம்மா அல்லது மனைவி. இவ்வளவுக்கும் பிறகு இரண்டு வழியும் சரி என்று பட்டால், ஜெபித்துவிட்டு ஒன்றில் அடி எடுத்து வையுங்கள். அவர் மூடுகிற கதவு தானாக மூடும்.

அது எப்படி மூடும் என்பதற்கு அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தைத்தான் நான் எப்போதும் காட்டுவேன். அப்போஸ்தலனாகிய பவுல் ஆசியா நாட்டில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம்) வசனம் சொல்லப் போனார், ஆவியானவர் தடுத்தார். சரி என்று பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. ஊழியம் செய்யத்தானே போகிறார், அதையே தடுத்தால் மனசு எப்படி இருந்திருக்கும்? கடைசியில் துரோவாவில், கடற்கரைப் பட்டணத்தில், ராத்திரி ஒரு தரிசனம். மக்கெதோனியாக்காரன் ஒருவன் நின்று, இங்கே வந்து எங்களுக்கு உதவிசெய்ய வேண்டும் என்று கூப்பிடுகிறான். கப்பல் ஏறி மக்கெதோனியாவில் இருக்கிற பிலிப்பிப் பட்டணத்துக்குப் போகிறார். இத்தனை தெளிவாக வழி காட்டப்பட்டுப் போன இடத்தில் என்ன கிடைத்தது? ஆற்றங்கரையில் லீதியாள் என்கிற வியாபாரம் செய்யும் அம்மா விசுவாசித்தார், நல்லது. கொஞ்ச நாளில் பவுலையும் அவரோடு போன சீலாவையும் பிடித்து, வஸ்திரத்தைக் கிழித்து, அடிக்கவைத்து, காலைத் தொழுமரத்தில் மாட்டி உட்காவலறையில் போட்டார்கள்.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தேவன் காட்டின வழியில்தான் போனார், அடியும் பட்டார். அதனால் நீங்கள் ஜெபித்து எடுத்த முடிவில் கஷ்டம் வந்தால், ஐயோ தப்பான வழியில் வந்துவிட்டேன், ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று உடனே எண்ணாதீர்கள். நடுராத்திரியில் அந்த ஜெயிலில் அவர்கள் ஜெபித்துப் பாடினார்கள். அந்த ஊரில் உண்டான சபைக்குத்தான் பவுல் பின்னால் வேறொரு காவலில் இருந்துகொண்டு பிலிப்பியர் நிருபத்தை எழுதினார், அதில்தான் "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். மூடின இரண்டு கதவு இல்லாவிட்டால் அந்தச் சபை அவருக்குக் கிடைத்திருக்காது, அந்தக் கடிதம் நமக்குக் கிடைத்திருக்காது.

போதும் என்று பழகுவது

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தை ஆட்டோ பின்னாலும் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளின் பவுச்சிலும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். திருப்தியாக இருக்கவும் தெரியும், பட்டினியாக இருக்கவும் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார். சாப்பாடு இருக்கிற நாளையும் இல்லாத நாளையும் தாங்குகிற பெலன் அது.

இதைப் பழக நான் சொல்வது சின்னச் சின்னக் காரியங்கள்தான். ராத்திரி அதே நோட்டில் அன்றைக்குக் கிடைத்த நன்மைகள் சிலவற்றை எழுதுங்கள், "சுகம் தந்தீர், பெலன் தந்தீர்" என்று பொதுவாக வேண்டாம், "மழை வருவதற்குள் துணி காய்ந்தது", "ஓனர் வாடகைக்குப் பத்து நாள் டைம் கொடுத்தார்" என்று அன்றைக்கு நடந்ததை எழுதுங்கள். எம்.சி. ரோடு கடைகள் பக்கம் போய் ஆசைப்பட்டதை உடனே வாங்காமல் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், ஒரு வாரம் கழித்தும் தேவை என்று பட்டால் காசு கொடுத்து வாங்குங்கள், தவணையில் வேண்டாம். மற்றவர்களின் ஸ்டேட்டஸ் பார்த்து மனசு கலங்குகிறது என்றால் அதைப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். சபையில் சாட்சி சொல்கிறவர்கள் வீடு கட்டினதையும் கார் வாங்கினதையும்தான் அதிகம் சொல்கிறார்கள், அதைக் கேட்டு நம்மை மட்டும் ஆண்டவர் மறந்துவிட்டாரோ என்று தோன்றும். காத்திருக்கிறவர்களும் அதே பாயில்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மைக் கிடைப்பதில்லை.

கீழே இருப்பவர்களைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள் என்று ஒரு அறிவுரை உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிளாட்பாரத்தில் படுத்திருக்கிற ஒருவரின் கஷ்டம் நம் மன ஆறுதலுக்காக இல்லை. அவரைப் பார்த்தால் அவருக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

உதவி வாங்கிக்கொள்வதையும் பழகுங்கள். எங்களுக்கு எதுவும் வேண்டாம், ஆண்டவர் தருவார் என்று வீம்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அனுப்பின உதவியைப் பவுல் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு நன்றியும் எழுதினார். பெரும்பாலும் ஆண்டவர் தருவது பக்கத்து வீட்டுக் கை வழியாகத்தான் வருகிறது.

அப்புறம், போதும் என்று இருப்பது வேறு, அநியாயத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்துப்போனபோது, நியாயம் கேட்டு நின்ற மீனவக் குடும்பங்களிடம் போய் "எல்லாத்தையும் ஸ்தோத்திரம் பண்ணி ஏத்துக்கோ" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே பிலிப்பியில் மறுநாள் காலையில் அதிகாரிகள் பவுலை ரகசியமாக வெளியே விடப் பார்த்தார்கள். நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் வெளியரங்கமாக அடித்தீர்களே, இப்போது ரகசியமாகவா அனுப்புவீர்கள், அந்த அதிகாரிகளே வந்து அழைத்துப்போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். ராத்திரி பாடினவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள்தான்.

ஒன்றும் புரியாத நாட்களில்

வரும். ஜெபித்தும் வலி குறையாது, வேலை கிடைக்காது, போன பிள்ளை திரும்பி வராது. அப்போது 13-ம் சங்கீதம், அதுவும் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. இப்படிக் கேட்கிற ஜெபத்தைத் தேவனே தம் வேதத்தில் வைத்திருக்கிறார், அதனால் நீங்களும் கேட்கலாம், அழலாம், கோபப்படலாம். பவுலும் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்தபோது தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்துவிடுமே என்று கலங்கினதை மறைக்கவில்லை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் அவரைத் திட்டவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான். பேச்சு எல்லாம் அப்புறம்தான். அதனால் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தால் போதகரிடம் சொல்வதோடு டாக்டரிடமும் போங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தனியாக நடக்காதீர்கள்

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சபை பாருங்கள். பெரிய கூட்டம், பெரிய மேடை என்பதைவிட, இரண்டு வாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருக்கிற இடம் மேல். காணிக்கை மனசு போல் கொடுங்கள். கடன் வாங்கிக் கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பும், இந்த எண்ணெயை இத்தனை ரூபாய்க்கு வாங்கினால் வியாதி போகும், மருந்தை நிறுத்து என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் நீங்கள் மட்டும் விசுவாசி என்றால், அம்மா ஏற்றுகிற விளக்கைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். பாத்திரம் தேய்த்துக் கொடுங்கள், சம்பளத்தை ஒழுங்காக வீட்டுக்குக் கொடுங்கள், கேட்டால் சாந்தமாகப் பதில் சொல்லுங்கள். 1 பேதுரு 3:15 சொல்வதும் அதைத்தான்.

முதல் ஞாயிறு போகும்போது கொஞ்சம் முன்னதாகவே போய் நடு வரிசையில் உட்காருங்கள், எல்லோரும் எழும்பும்போது எழும்பினால் போதும். அன்றைக்குத் திருவிருந்து இருந்து, நீங்கள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்காதவர் என்றால் இடத்திலேயே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் வாசலில் போதகரிடம் உங்கள் பெயரையும் தெருவையும் சொல்லுங்கள், வாரத்தில் வீட்டுக் கூட்டம் எந்த நாள், எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.